இரவில் பூட்டப்படும் பொதுக் கழிப்பறையைத் தன்னார்வலர்கள் திறந்து வைத்திருக்க இயலுமா?

கேள்வி

எங்கள் பகுதிப் பூங்காவை ஒட்டியுள்ள பொதுக் கழிப்பறையை இருட்டியதும் பூட்டிவிடுகிறார்கள். மறுநாள் வெயில் ஏறிய பிறகே திறக்கிறார்கள். அதைச் சுற்றி நடைபாதையில் உறங்கும் வீடற்றோருக்கு இரவு முழுவதும் ஒதுங்க இடமில்லை. உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்டால், பொருள்களை உடைக்கிறார்கள், உள்ளே போதைப்பொருள் பயன்படுத்துகிறார்கள், காவலுக்கு ஆள் போட நிதி இல்லை என்கிறார்கள். நாங்கள் சிலர் சேர்ந்து முறை வைத்துச் சாவியைப் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறோம். எதையெல்லாம் முதலில் பேசி முடிக்க வேண்டும்? சுத்தம் செய்வதையும் நாங்களே ஏற்பது சரியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

சாவியை வாங்கும் முன் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதத்தை வாங்கிவிடுங்கள். குழாய் உடைந்தால் பிளம்பரை அழைப்பது யார், அவருக்குக் கூலி தருவது யார், உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து அடிபட்டால் சட்டப்படி பொறுப்பு யாருடையது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். வாய்மொழி அனுமதியை நம்பி இறங்கினால், அந்த அதிகாரி இடம் மாறிய மறுவாரமே கதவில் வேறு பூட்டு தொங்கும்.

விடிய விடியத் திறந்து வைக்க ஆள் போதாவிட்டால், விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தையாவது விட்டுவிடாதீர்கள். தெருவில் உறங்குபவர் கடைகள் திறக்குமுன் எழுந்து இடத்தைக் காலி செய்தாக வேண்டியவர். அவருக்குக் கழிப்பறை தேவைப்படுவதும் அப்போதுதான். பெண்களின் நிலை இன்னும் மோசம். இரவில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு அதுவே வழிவகுக்கிறது. குறைந்த நேரம் திறந்தாலும் சொன்ன நேரத்தில் தவறாமல் திறங்கள். இன்று திறந்திருக்குமோ திறந்திருக்காதோ என்ற ஐயம் வந்துவிட்டால், யாரும் அந்தக் கதவை நம்பி வரமாட்டார்கள்.

மறுமொழி 2

சாவியை ஏற்பது சரி. துடைப்பத்தை ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை. தூய்மைப் பணி ஊதியம் பெற வேண்டிய வேலை. அதை நீங்கள் இலவசமாகச் செய்யத் தொடங்கினால், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கான தொகையே காணாமல் போகும். கழிப்பறை உள்ளிட்ட சுகாதார வசதியை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை 2010ஆம் ஆண்டிலேயே ஏற்றிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகையல்ல என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே உணர்த்துங்கள்.

உடைப்பு குறித்த அவர்களது அச்சத்தைப் பொய்யென்று ஒதுக்கவும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014இல் தொடங்கிய ‘பிட் ஸ்டாப்’ திட்டத்தில் ஒவ்வொரு கழிப்பறைக்கும் ஊதியம் பெறும் ஒரு பணியாளரை வாசலில் நிறுத்தினார்கள். அவர்களில் நீண்ட சிறைவாசம் முடித்து வந்தோரும் பலர். பயன்படுத்திய ஊசிகளைப் போட அங்கேயே பெட்டியும் வைத்தார்கள். வாசலில் ஓர் ஆள் இருப்பதே பாதிப் பாதுகாப்பு. உங்கள் குழு செய்யத்தக்க வேலையும் அதுதான்: வாசலில் இருப்பது, சோப்பும் நாப்கினும் தீராமல் பார்ப்பது, அடைப்பு ஏற்பட்டால் உடனே தெரிவிப்பது.

மறுமொழி 3

மேலே உள்ளவர்கள் நோயைப் பற்றிப் பேசவில்லை. நிர்வாகத்தின் காதில் எளிதில் ஏறும் வாதம் அதுவே என்பது என் கருத்து. அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் 2016 முதல் 2018 வரை பரவிய ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ் நோயால் ஏறத்தாழ 590 பேர் பாதிக்கப்பட்டு, 20 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் வீடற்றோர் மிகுதி. மலத்தின் வழியே பரவும் அந்நோயைக் கட்டுப்படுத்த, தடுப்பூசி போடுவதோடு தெருக்களில் கை கழுவும் தொட்டிகளை வைத்து, சில கழிப்பறைகளை இரவும் பகலும் திறந்துவைக்க நேர்ந்தது. ஆல்கஹால் கலந்த கைத்தூய்மி இந்த வைரஸுக்கு எதிராக நம்பத்தக்கதல்ல. சோப்பும் ஓடும் தண்ணீரும் இல்லாத கழிப்பறையைத் திறந்து வைத்து நிறைவடைந்துவிடாதீர்கள்.

வாசலில் இருப்பவர்களுக்கும் சில பழக்கங்கள் வேண்டும். தரையில் கிடக்கும் ஊசியைக் கையுறை அணிந்திருந்தாலும் விரலால் எடுக்கக்கூடாது. இடுக்கியால் எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் போட வேண்டும். அவசரத்துக்குக் கழுவ நேர்ந்தால், பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருசேர ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும்; அடைத்த அறையில் அது மூச்சையே நிறுத்திவிடும். உள்ளே சென்றவர் நெடுநேரம் வரவில்லையென்றால் கதவைத் தட்டிக் குரல் கொடுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். உட்புறமாகத் திறக்கும் கதவாக இருந்தால், மயங்கி விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கதவு உட்புறமாகத்தான் திறக்கிறது. அதை மாற்றித் தருமாறு கடித வரைவில் சேர்த்துவிடுகிறேன். சுத்தம் செய்வதை ஏற்பதில்லை என்றும் குழுவில் முடிவெடுத்துவிட்டோம். அங்கு உறங்குபவர்களில் இருவர் தாங்களே வாசலில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கலாமா?

மறுமொழி 1

தாராளமாக ஒப்படைக்கலாம். இரவில் யார் வருகிறார்கள், எந்த நேரத்தில் சச்சரவு எழுகிறது என்பதெல்லாம் உங்களைவிட அவர்களுக்கே தெரியும். ஆனால் அவர்களுக்குச் சிறு தொகையாவது கிடைக்க நிர்வாகத்திடம் ஏற்பாடு கேளுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். யாரை உள்ளே விடுவது என்று அவரே தீர்மானிக்கும் நிலை மெல்ல வந்துவிடும். உங்களிடம் ஒரு சாவியும் அவர்களிடம் ஒரு சாவியும் இருக்கட்டும். திறந்த நேரத்தையும் பழுதையும் எழுத வாசலில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடுங்கள். அடுத்த முறை நிதி கேட்கப் போகும்போது அது கையில் இருக்கட்டும்.