மறுமொழி: கண்ணாடியிழைக் குழாய் மூட்டில் பசை ‘காய்தல்’ வேண்டாம், ‘முதிர்தல்’ போடலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

பெற்றோல் நிலையங்களில் நிலத்துக்குக் கீழே போடும் கண்ணாடியிழைக் குழாய்களுக்குத் தமிழில் ஒரு வேலைக்குறிப்பு எழுதி வருகிறேன். குழாயையும் சொக்கற்றையும் (குழாய் முனையை உள்ளே வாங்கும் இணைப்புத் துண்டு) எப்பொக்சி என்ற இருபகுதிப் பசை பூசிச் சேர்த்த பிறகு அந்தப் பசை இறுகி முழுப்பலம் பெறுகிறதே, ஆங்கிலத்தில் cure என்கிறார்களே, அதற்கு இங்கே ஒரு சொல் கேட்டிருந்தேன். காய்தல், பதப்படுத்தல், வன்மையாதல் என்று மூன்று வந்தன. மூன்றையும் திருகோணமலையில் இந்த வேலைக்கு வரக்கூடிய ஒரு பொடியனின் கையில் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்று யோசித்துப் பார்த்தேன்.

தங்கச்சி சொன்ன ‘காய்தல்’தான் எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. பெயின்ற் காய்கிறது, துணி காய்கிறது. ஆனால் காய்தல் என்றால் ஒன்று வெளியேறுகிறது என்று பொருள்: தண்ணீரோ, தின்னரோ. இந்தப் பசையில் அப்படி ஆவியாகிப் போக ஒன்றும் இல்லை. பசையின் இரண்டு பகுதிகளான றெசினும் (பிசின்) அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணைந்து பெரிய வலையாக மாறுகின்றன, அவ்வளவுதான். காய்தல் என்று எழுதினால் காற்றுப் படட்டும் என்று விட்டுவிடுவான். மூட்டுக்குள்ளே இருக்கிற பசைக்குக் காற்று எப்படிப் படும்? அதற்குத் தேவை வெப்பமும் நேரமும், அசையாமல் இருப்பதும்.

அண்ணா சொன்ன ‘பதப்படுத்தல்’ எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கொங்கிறீற்றுக்கு அந்தச் சொல் பழகிப்போனது. கொங்கிறீற்றைப் பதப்படுத்துவது என்றால் நனைத்த சாக்கைப் போட்டு ஈரத்தைக் காப்பது. எப்பொக்சிக்கு ஈரம் எதிரி. மாரிகாலத்தில் காற்றில் ஈரம் கூடும்போது, அமைன் வகை ஹார்ட்னர் அந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து மேலே பிசுபிசுப்பான படலம் ஒன்றைக் கட்டும். அதன்மேல் பூசினால் ஒட்டாது. மேசன் வேலை செய்து பழகிய ஒருவர் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு மூட்டின்மேல் ஈரச்சாக்குப் போட்டால் குற்றம் அவர்மேல் இல்லை, சொல்லை எழுதிய நம்மேல்தான். கருவாட்டுக்கும் புகையிலைக்கும் ‘பதனிடல்’ இருக்கட்டும், றப்பருக்கு ‘வற்கனைசு’ இருக்கட்டும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் cure என்ற ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்கத் தேவையில்லை.

‘வன்மையாதல்’ பிழையில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. இந்தப் பசை முழுப்பலம் பெறுவதற்கு வெகு முன்பே தொட்டுப் பார்த்தால் கல்லாக இருக்கும். அந்த நிலையில் குழாயை அசைத்தாலோ, அழுத்தச் சோதனை செய்தாலோ மூட்டு உள்ளுக்குள் கெட்டுவிடும். ஆகவே தொட்டால் கடினமாக இருப்பது வேறு, முடிந்துவிட்டது என்பது வேறு என்று காட்டுகிற சொல் வேண்டும்.

அதனால்தான் ‘முதிர்தல்’. கந்தளாய்ப் பக்கம் வயலில் பால்பிடித்த நெல்லையும் முதிர்ந்த நெல்லையும் யாரும் குழப்புவதில்லை. கதிர் வந்துவிட்டது என்பதற்காக அரிவாளை எடுப்பதும் இல்லை. தானாக நடப்பது முதிர்தல், வெப்பம் கொடுத்து நாம் நடத்துவது முதிர்த்தல். வங்கி வைப்புக்கும் ‘முதிர்வு’ என்கிறார்களே என்று ஐயா கேட்டிருந்தார். அங்கேயும் குறித்த காலம் முடியுமுன் கைவைக்காதே என்பதுதான் கருத்து, ஆகவே அது இடைஞ்சலாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, பசையைக் கலந்த பிறகு பூசுவதற்குக் கிடைக்கும் நேரம். ஆங்கிலத்து pot life-ஐ அப்படியே ‘பாத்திர ஆயுள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பாத்திரம் எத்தனை வருடம் உழைக்கும் என்பதுபோல இருக்கிறது. நான் ‘பூசுநேரம்’ என்கிறேன். இதை அழுத்திச் சொல்ல இங்கே காரணம் உண்டு. வெப்பநிலை 10 பாகை ஏறினால் இந்த வகை வேதிவினை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். உறையில் 24 பாகை செல்சியசுக்கு 20 நிமிடம் என்று போட்டிருந்தால், கச்சான் காற்று வீசும் நாட்களில் 34 பாகையில் கிட்டத்தட்ட பாதிதான் கிடைக்கும். அதோடு, கலந்த பசை டப்பாவுக்குள் குவியலாக இருந்தால் தன் வினையில் பிறக்கும் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும், சிலவேளை புகையும். மெல்லியதாகப் பரப்பிவிட்டால் அந்தச் சூடு வெளியே போய்விடும். ஆகவே வெயில் காலத்தில் பசைப் பொதியை ஐஸ் பெட்டியில் வைத்து, குழாய் முனையைச் சீவி, அரத்தாளால் தேய்த்து, சுத்தமாகத் துடைத்து, எல்லாம் ஆயத்தமான பிறகுதான் கலக்க வேண்டும். தேய்த்த இடத்தில் விரல்கூடப் படக்கூடாது.

இனி ஹார்ட்னர். இதில்தான் எனக்கு அதிக அக்கறை. எங்கள் கரையோரத்தில் கண்ணாடியிழை வேலை என்றாலே வள்ளம்தான். வள்ளத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் பொலியெஸ்டர் றெசின். அதற்கு ஊற்றுகிற பெரொட்சைட்டு, றெசினில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு. வெயிலுக்குச் சற்றுக் குறைப்பார்கள், மழைக்குக் கூட்டுவார்கள். அங்கே அது சரி. எப்பொக்சியில் ஹார்ட்னர் வினையைத் தொடக்கிவிட்டு ஒதுங்குகிற பொருள் அல்ல, தானே வலையின் ஒரு பகுதியாகிறது. குறைத்தால் றெசின் பிணையாமல் மிஞ்சும், கூட்டினால் ஹார்ட்னர் மிஞ்சும். இரண்டிலும் மூட்டு பலவீனம். அதனால்தான் குழாய்ப் பசை அளந்த பொதியாக வருகிறது. முழுவதையும் கலக்க வேண்டும், பாதியைப் பிரித்து எடுத்துவைக்கவே கூடாது. வள்ளத்துப் பெரொட்சைட்டு, எப்பொக்சி ஹார்ட்னர் இரண்டையும் நாம் ‘ஊக்கி’ என்று எழுதினால் (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வினையூக்கி) வள்ளப் பட்டறையில் பழகிய கை இங்கேயும் ‘வெயில்தானே, கொஞ்சம் குறை’ என்று போகும். எனவே பொலியெஸ்டருக்கு ‘ஊக்கி’, எப்பொக்சிக்கு ‘இறுக்கி’. ‘முதிர்ப்பி’யையும் யோசித்தேன், வாயில் வரவில்லை.

சிலர் திருகோணமலைச் சீனக்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே மிஞ்சியிருக்கும் 99 தாங்கிகளும் பிரித்தானியர் காலத்து உருக்குத் தாங்கிகள், கதை வேறு. ஆனால் உருக்கும் உப்புக்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடியிழைக் குழாய் துருப்பிடிக்காது, அதனால்தான் மண்ணுக்குள் அதை விரும்புகிறார்கள். அதன் பலவீனமான இடம் மூட்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல்நிலம். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் உண்டு. முதிராத ஒரு மூட்டிலிருந்து கசிகிற பெற்றோல் மணலுக்குள் இறங்கினால் யாருடைய கிணற்றில் வாடை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூட்டில் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பலாமே என்று கேட்டிருந்தீர்கள். அது ஓட்டையைக் காட்டும். இன்று அழுத்தத்தைத் தாங்கிவிட்டு நாளைக்கு விடப்போகிற மூட்டைக் காட்டாது. அதனால் முதிர்தலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த வெப்பநிலையும் நேரமும் தாளில் பதிவாக வேண்டும், மூட்டு மூட்டாக.

வெப்பம் கொடுக்க மூட்டைச் சுற்றிக் கட்டும் மின்பட்டைக்கு ‘சூட்டுப்பட்டை’ போதும். எரிபொருள் ஆவி இருக்கும் இடத்தில் மின்சாரம் ஆகாது என்பதால் தானே சூடாகும் இரசாயனப் பொதிகளும் உண்டு. அவற்றுக்குச் ‘சூட்டுப்பொதி’ என்று எழுதியிருக்கிறேன். பொதி என்ற சொல் பசைக்கும் வருவதால் குழப்பமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பூசுநேரம், முதிர்தல், இறுக்கி மூன்றையும் அடுத்த வரைவில் போடுகிறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இன்னும் பிடிபடாதது ஒன்று: மூட்டுக்குள் போகிற கூம்பு முனைக்கும் அதை வாங்குகிற முனைக்கும் எங்கள் தச்சர்கள் வைத்திருக்கும் சொற்கள் ஏதாவது பொருந்துமா? அக்கா, உங்கள் அப்பா தச்சுவேலை செய்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அவரிடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.