புதுப்பிப்பு: வீட்டில் 19 லிட்டர் பீர் காய்ச்ச 30 லிட்டர் கெட்டில் (கொதிக்கவைக்கும் பாத்திரம்) போதுமா?

மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) பையில் போட்டு வெந்நீரில் ஊறவைக்கும் முறை என்றால் போதாது. முந்தைய இழையில் கொதிக்கும் அளவை மட்டும் சொல்லியிருந்தேன். ஊறவைக்கும்போதுதான் கெட்டில் அதிகம் நிரம்பும்.

பீர் நொதிக்கும் கலனுக்கு 19 லிட்டர், அடியில் தங்கும் கசடுக்கு 2, ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது சுமார் 4, பிழிந்த பிறகும் 5 கிலோ மால்ட் பிடித்துவைப்பது 3. ஆக, 28 லிட்டர் தண்ணீர். மால்ட்டே மூன்றரை லிட்டர் இடத்தை அடைக்கும். 30 லிட்டர் கெட்டில் அங்கேயே வழிந்துவிடும். 38 லிட்டர் வாங்குங்கள். அதில் கொதி தொடங்கும் 25 லிட்டருக்கு மேல் 13 லிட்டர் காலி. புரதநுரை பொங்கினாலும், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போட்டதும் சீறினாலும் தாங்கும்.

அகலமான கெட்டிலில் ஆவி கூடும். உங்கள் அடுப்பில் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

மால்ட்டை ஊறவைக்காமல் எக்ஸ்ட்ராக்ட்டில் (மால்ட்டிலிருந்து எடுத்த தயார் பாகு அல்லது பொடி) 12 லிட்டர் மட்டும் கொதிக்கவைத்துப் பிறகு தண்ணீர் சேர்ப்பவர்களுக்கு 20 லிட்டர் கெட்டிலே தாராளம்.