மேட்டூர் அணைத் திறப்பு: முடிவு யாருடையது, கையெழுத்து யாருடையது?

மன்னார்குடியிலிருந்து கேள்வி:
குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிறார்கள். அறிவிப்பை முதலமைச்சர் வெளியிடுகிறார். அரசாணையிலோ துறைச் செயலாளரின் பெயர் இருக்கிறது. ஆலோசகர்கள் என்றும் சிலரைச் சொல்கிறார்கள். கடைமடைக்கு நீர் வராதபோது இவர்களுள் யாரைக் கேட்பது முறை?

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்:
ஐயா, கொள்கை முடிவு அமைச்சரவையுடையது. அரசமைப்புச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு அமைச்சரவையைச் சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது. ஆணை 166-ஆவது பிரிவின்படி ஆளுநர் பெயரில் வெளியாகிறது. செயலாளர் அதற்குச் சான்றளிக்கிறார். அதனால் அவர் வெறும் எழுத்தர் ஆகிவிட மாட்டார். அணையின் நீர்மட்டம், தூர்வாரும் பணியின் நிலை, நிதி ஆகியவற்றை எடுத்துக்காட்டி, அமைச்சருக்கு உவப்பில்லாத கருத்தையும் கோப்பில் எழுதுவது அவர் கடமை. அப்படி எழுதுபவரை விசாரணையின்றிப் பதவிநீக்கம் செய்துவிடாதபடி 311-ஆவது பிரிவு பொதுவாகக் காக்கிறது. என் பணிக்காலத்தில் அத்தகைய குறிப்புகளைப் படித்து மனம் நெகிழ்ந்திருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:
ஆலோசகர் தம்மை நியமித்தவரின் நம்பிக்கையால் இருப்பவர். யோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவரும் விலகுவார். அதிகாரி அடுத்த அரசுக்கும் பணியாற்றுவார். அந்த யோசனைகள் கோப்பில் பதிவாகாமல் போவதுதான் எனக்குக் கவலை.

நாகப்பட்டினத்திலிருந்து:
உங்கள் வாய்க்காலுக்கு முதலில் நீர்வளத் துறைப் பொறியாளரிடம் மனுக் கொடுங்கள். பிறகு ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதன் நகலை வையுங்கள். திறப்பு நாளே தள்ளிப்போனால், உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அமைச்சரைப் பேரவையில் கேட்க வேண்டும்.