தொலைநோக்கியில் பென்டாக்ஸ் 67 ஃபிலிம் கேமராவைப் பொருத்த உதவி வேண்டும்

வணக்கம். ஏப்ரல் இரவுகளில் பேச்சிப்பாறைப் பக்கம் தென்வானில் ஏறக்குறைய 35 பாகை உயரம் வரை எழும் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்தை அகலமான 120 ரோல் ஃபிலிமில் பதிவு செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

என் ஒளிவிலகல் தொலைநோக்கியின் ஃபோகஸர் (குவியத்தைச் சரிசெய்ய முன்பின் நகரும் குழாய்) 2 அங்குலம்தான். பென்டாக்ஸ் 67 கேமராவின் படச் சட்டகத்தின் மூலைவிட்டமோ ஏறத்தாழ 89 மி.மீ. என்பதால், சோதனைப் படத்தின் நான்கு மூலைகளும் கருத்து, நடுவில் ஒரு வட்டம் மட்டுமே தெளிவாக விழுந்திருந்தது. கேமரா வளையத்திலிருந்து ஃபிலிம் வரை சுமார் 85 மி.மீ. இருப்பதால், ஃபோகஸரை முழுவதும் உள்ளே தள்ளினாலும் குவியம் மயிரிழையில்தான் கிடைக்கிறது.

3 அங்குல ஃபோகஸருக்கு மாறியவர்கள், குவியம் கிடைக்கத் தொலைநோக்கிக் குழாயை எவ்வளவு வெட்டினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இணைப்பு வளையத்தை மில்லிமீட்டர் பிசகாமல் கடைந்து தரும் லேத் பட்டறை நாகர்கோவில், தக்கலை வட்டாரத்தில் இருந்தால் சொல்லுங்கள். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கையில் ஃபிலிம் வளைந்து விண்மீன்கள் மங்குவதை எப்படித் தடுத்தீர்கள் என்பதும் எனக்கு மிக முக்கியம்.