இறங்கும் நேரத்தில் பைலட்டின் கவனம் சிதறியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஓமலூர்வாசி:
காமலாபுரத்தில் (சேலம் விமான நிலையம்) செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் பின் சீட்டில் இருந்தேன். ஓட்டியது என் பேட்ச் பையன், பக்கத்தில் சொல்லித் தரும் சார். ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பகுதிக்குத் திரும்பி, இறக்கையின் பின்புற மடிப்பான ஃபிளாப்ஸும் இறக்கியாச்சு. டப்பென்று அவன் பக்கக் கதவு திறந்துகொண்டது. காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கதவு கொஞ்சம்தான் திறக்கும், காற்றே அழுத்திப் பிடித்துக்கொள்ளும், விமானம் அதுபாட்டுக்குப் பறக்கும். பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் அவன் கையும் கண்ணும் கதவுக்குப் போய்விட்டன. 65 நாட்ஸில் (knots) நிற்க வேண்டிய வேக முள் 50-க்குக் கீழே சரிந்தது. வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப் போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹாரன் முனக ஆரம்பித்தது. சார் கத்தவே இல்லை. "கதவை விடு தம்பி, பிளேனை ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே மூக்கைத் தாழ்த்தி பவர் கொடுத்தார். அந்த முனகல் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஏற்காட்டு அக்கா:
டெக்சாஸில் நாத்தனார் வீட்டுக்காரர் சொந்தமாக நாலு சீட் விமானம் வைத்திருக்கிறார். இறங்கும்போது என் பையன் ஹெட்செட்டில் "மாமா, நம்ம வீடு எது?" என்று விடாமல் கேட்டான். திடீரென்று அவர் குரல் எங்களுக்கு நின்றுபோனது. கோபம் என்று நினைத்துக் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன். பயணிகள் பேச்சு தன் காதில் விழாமல் இன்டர்காமில் ஐசோலேட் சுவிட்சைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். டவர் பேசுவது மட்டும் அவருக்குக் கேட்டால் போதுமாம்.

மலைப்பாதை டிரைவர்:
அக்கா, பையனை முதலிலேயே அடக்கியிருக்க வேண்டும். ஓமலூர் தம்பி, சார் இருந்ததால் பிழைத்தீர்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் பாட்டு, போன், பின்னால் வாந்தி எடுக்கிற குழந்தை எல்லாம் உண்டு. ரோட்டை விட்டுக் கண் எடுக்கக்கூடாது, பழகினால் எல்லாம் வரும். கிளம்பும் முன் கதவை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். பேச்சை ஏறும்போதே நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். முதல் நாள் ராத்திரி நன்றாகத் தூங்குங்கள்.

ஓமலூர்வாசி:
அண்ணே, கதவு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். பழக்கம் மட்டும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். 1972-இல் அமெரிக்காவில் மயாமி பக்கத்தில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401 என்ற பயணிகள் விமானம் விழுந்தது. ஓட்டியவர்கள் யாரும் புதியவர்கள் இல்லை. முன் சக்கரம் இறங்கியதைக் காட்டும் சின்ன பல்பு எரியவில்லை என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிப்பது விட்டுப்போனதைக் கவனிக்க ஆளில்லை. 101 பேர் போனார்கள். 10,000 அடிக்குக் கீழே தேவையில்லாத பேச்சே கூடாது என்று 1981-இல் அமெரிக்காவில் ஏர்லைன்களுக்கு விதி வந்தது. சின்ன விமானத்திலும் அதையேதான் சொல்லித் தருகிறார்கள். வளைவில் மனசு கலைந்தால் நீங்கள் ஓரங்கட்டலாம் அண்ணே. எங்களுக்கு ஓரம் கிடையாது, பவர் கொடுத்து மேலே ஏறி இன்னொரு சுற்று வருவதுதான். அன்றைக்கு சார் அதைத்தான் செய்தார். மறு சுற்று முழுக்கக் கதவு படபடத்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் அதைத் தொடவில்லை.