திருமங்கலம் பகுதியில் வயதான பெற்றோருக்கு மனநல உதவியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (கோவையில் வசிக்கும் மகள்)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 74. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவருகிறார். சென்ற ஆண்டு எங்கள் சித்தப்பா காலமானதிலிருந்து அவரிடம் பெரிய மாற்றம் தெரிகிறது. காலையில் டீக்கடைக்குப் போய்ச் செய்தித்தாள் படிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். உடம்பெல்லாம் வலிக்கிறது என்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அண்மைக் காலமாகப் பணத்தை வைத்த இடத்தை மறந்துவிட்டு, அம்மாதான் எடுத்துவிட்டார் என்று சண்டை போடுகிறார். "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது" என்றும் இரண்டொரு முறை சொல்லியிருக்கிறார்.

மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்றால், "எனக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது" என்று கோபப்படுகிறார். அம்மாவுக்கோ ஊர் என்ன பேசுமோ என்ற அச்சம். உறவினர் ஒருவர், மனநோய் தீரும் என்று பலர் நம்பிப் போகும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார். மூட்டுவலியோடு அம்மாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். நான் நினைத்தபோதெல்லாம் ஊருக்குப் போக முடியாத நிலையில், பெற்றோருக்குப் பக்கத்திலேயே கிடைக்கக்கூடிய உதவிகள் என்னென்ன, யாரை முதலில் அணுகுவது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை)

அன்பு மகளுக்கு, நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் அப்பாவின் சொற்களைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வயதானவர்கள் அப்படித்தான் சலித்துக்கொள்வார்கள் என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா அப்பா" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனத்தில் உள்ளதைச் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். வீட்டில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அகற்றச் சொல்லுங்கள். காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்தில் பூட்டிவைக்கும் முயற்சியைச் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காகப் பணிபுரியும் சிநேகா அமைப்பு முன்னெடுத்தது இந்தக் காரணத்துக்காகத்தான். அவசர நிலை என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்ததாக, 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, தொலைபேசிவழி மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அப்பாதான் பேச வேண்டும் என்பதில்லை. கோவையிலிருந்து நீங்களே பேசி, நிலைமையை விளக்கி, அடுத்து என்ன செய்வதென்று கேட்டுக்கொள்ளலாம்.

நேரில் காட்டுவதற்கு, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்து நோயாளிகளைப் பார்க்கிறது. திருமங்கலம் அரசு மருத்துவமனையில் அது எந்த நாள் என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே புறநோயாளிச் சீட்டு போட்டுக் காட்டலாம். இரண்டு இடங்களிலும் மருந்துக்குப் பணம் தேவையில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அம்மாவுக்குப் பயணச்சீட்டுச் செலவும் இல்லை.

அப்பாவை எப்படி அழைத்துச் செல்வது என்பது அடுத்த சிக்கல். பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் மறுமுறை வீட்டைவிட்டு இறங்கவே மாட்டார். தூக்கமின்மையும் உடம்புவலியும் அவரே ஒப்புக்கொள்ளும் தொல்லைகள்தாம், ஆகவே அவற்றைக் காட்டப் பொது மருத்துவரிடம் முதலில் போகட்டும். அந்த மருத்துவர் சொன்னால் அடுத்த படிக்கு அவர் இசைய வாய்ப்பு உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர் உங்கள் ஊர்க்காரப் பெண்ணாகத்தான் இருப்பார். அவரிடம் அம்மா மனம்விட்டுப் பேசட்டும். அவர் மூலமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செய்தி போய்ச் சேரும்.

மறுமொழி 2 (மனநலச் சமூகப் பணியாளர்)

செவிலியர் அம்மா சொன்னவை அனைத்தும் சரியானவை. மருத்துவம் சார்ந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் முதுமையில் வரும் மனச்சோர்வுக்குப் பொருந்துகின்றன. மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, காது மந்தம் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தருவதால், முதல் சந்திப்பிலேயே இரத்தப் பரிசோதனை எழுதித்தரக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அப்பா எந்தச் சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்று பாருங்கள். மாறாக, குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் அது சிறுநீர்த் தொற்று போன்ற உடல்நோயாக இருக்கக்கூடும் என்பதால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தாமாகவே தூக்கமாத்திரை வாங்கிக் கொடுப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். இந்த வயதில் அது தடுமாறி விழவும் இடுப்பெலும்பு முறியவும் காரணமாகிறது, விட முடியாத பழக்கமாகவும் ஆகிவிடுகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் அப்படி அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடும் குடும்பங்கள் மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நன்றாகிவிட்டது என்று தோன்றும்போதும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

குணசீலத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நம்பிக்கை தரும் ஆறுதலும் தேவைதான். அந்தக் கோயிலோடு இணைந்த மனநல மறுவாழ்வு மையத்திலும் மருத்துவம் உண்டு. போகும்போது மருந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா அருகிலிருந்த காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் மடிந்த பிறகும், மருத்துவத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடையே முழுதும் மறையவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை. மதுரையில் 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையையும் அணுகலாம். மனநலம் குன்றியோருடனும் அவர்கள் குடும்பங்களுடனும் நீண்டகாலமாகப் பணிபுரிகிறவர்கள்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று 14416-இல் பேசினேன். பொறுமையாகக் கேட்டு வழி சொன்னார்கள். பூச்சிமருந்தைப் பெரியப்பா வீட்டுக்கு மாற்றியாயிற்று. இப்போது அம்மாவை நினைத்துத்தான் கவலையாக இருக்கிறது. இரவில் அவரும் தூங்குவதில்லை. திருட்டுப் பட்டம் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருக்கிறார்.

மறுமொழி 3 (மாமியாரைப் பராமரித்த வாசகர், சென்னை)

சகோதரி, மறதி நோயோடு வாழ்ந்த என் மாமியாரை நானும் என் மனைவியும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். நகையைக் காணோம் என்ற குற்றச்சாட்டை நாள்தோறும் கேட்டவர்கள் நாங்கள். "நான் எடுக்கவில்லை" என்று வாதிட்டால் சண்டை வளரும். "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லித் தேடத் தொடங்கினால் கோபம் தணியும். அது நோயின் பேச்சு என்று மருத்துவர் வாயாலேயே அம்மா கேட்க வேண்டும். மகள் சொல்வதைவிட அது மனத்தில் தைக்கும். ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவுக்கென்று தனியாகச் சில நிமிடங்கள் கேட்டுவாங்குங்கள். அவருடைய தூக்கம், இரத்த அழுத்தம் இரண்டையும் அன்றே காட்டிவிடுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தின் மறதி நோய்ச் சேவை. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய நிறுவனம் அது. பராமரிப்பாளர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில்தான் என் மனைவி முதன்முதலாக வாய்விட்டு அழுதார். அதற்காக நீங்கள் சென்னைக்கு வர வேண்டியதில்லை. அத்தகைய குடும்பக் கூட்டம் நடக்கிறதா என்று மதுரையிலேயே கேளுங்கள்.

முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். ஓய்வூதியம், சட்ட உதவி, அருகிலுள்ள பராமரிப்பு வசதிகள் பற்றியெல்லாம் வழிகாட்டுவார்கள். பெரியப்பா வீட்டிலிருந்து யாராவது வாரம் இரண்டு பிற்பகல் வந்து அப்பாவோடு உட்கார்ந்திருந்தால், அந்த நேரத்தில் அம்மா தூங்கவோ கோயிலுக்குப் போய்வரவோ முடியும். இதைப் பொதுவாகக் கேட்காமல், யார், எந்தக் கிழமை என்று பெயர் சொல்லி இப்போதே பேசி முடிவுசெய்துவிடுங்கள்.