ரீட்பேக் சொன்ன பிறகும் தவறு எப்படித் தப்பிப் போகிறது?

மேகவண்ணன்:
ஆர்டிஆர் (விமான ரேடியோவில் பேசுவதற்கான உரிமம்) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஃப்ளையிங் டைகர் 66 விபத்தில் ஒரு விஷயம் பிடிபடவே மாட்டேன் என்கிறது. 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்த 747 சரக்கு விமானம். தரையிலிருந்து வழிநடத்தும் கண்ட்ரோலர் 2400 அடிக்கு இறங்கச் சொன்னார். விமானி "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பிச் சொன்னார். கண்ட்ரோலர் மறுக்கவில்லை. விமானம் குன்றில் மோதி, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். தவறான எண் ஃப்ரீக்வென்ஸியிலேயே ஒலித்திருக்கிறது, யாரும் பிடிக்கவில்லை. அப்படியானால் இப்படித் திருப்பிச் சொல்லும் ரீட்பேக் எதற்கு? இது ஆங்கில உச்சரிப்புச் சிக்கலா? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஸ்ட்ரிப்போர்டு:
உச்சரிப்பின் மேல் பழியைப் போடாதீர்கள். கண்ட்ரோலர் சொன்னது "டிஸெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ". அவர் 2 என்று சொன்ன "டூ", காக்பிட்டில் "வரைக்கும்" என்ற பொருளில் வரும் "டு"வாக விழுந்தது. மிச்சம் நின்றது 400.

சொல்ல வேண்டிய முறை: "டிஸெண்ட் டு ஆல்டிட்யூட் டூ தௌஸண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்". "ஆல்டிட்யூட்" என்ற சொல் "டு"வையும் எண்ணையும் ஒட்டவிடாமல் பிரிக்கிறது. முன்னால் இருக்கும் இலக்கம் இரைச்சலில் போனாலும் "தௌஸண்ட்" காதில் நிற்கும். விமானி மறுபடி கேட்பார். அமெரிக்காவில் "டிஸெண்ட் அண்ட் மெயின்டெய்ன்" என்பதும், பிரிட்டனில் ஃப்ளைட் லெவலுக்கு (நூறு அடிக் கணக்கில் சொல்லும் உயரம்) முன்னால் "டு"வையே விட்டுவிடுவதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். அங்கே லெவல் 100ஐ "ஒன் ஹண்ட்ரட்" என்பார்கள். "ஒன் ஸீரோ ஸீரோ", "ஒன் ஒன் ஸீரோ" இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஏன் என்று புரியும். அந்த ஓர் இலக்கத்தில் இருப்பது 1000 அடி.

இனி ஹியர்பேக்குக்கு, அதாவது ரீட்பேக்கைக் கண்ட்ரோலர் கேட்டுச் சரிபார்ப்பதற்கு, வருவோம். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. ரீட்பேக் வரும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் கண்ட்ரோலர் ஸ்ட்ரிப்பில் (விமானத்தின் விவரம் குறிக்கும் சீட்டு) எழுதுகிறார், ஹாட்லைனில் பக்கத்து செக்டார் கூப்பிடுகிறது, மனசு அடுத்த விமானத்துக்குப் போய்விடுகிறது. காது தான் சொன்னதையே எதிர்பார்த்துக் கேட்கிறது. "ஃபோர் ஸீரோ ஸீரோ" அவர் சொன்ன வாக்கியத்தின் கடைசி மூன்று சொற்கள், அதே வரிசையில். காணாமல் போனது முன்னால் இருந்த ஒன்றே ஒன்று. அலகும் இல்லை, "டிஸெண்ட்" என்ற சொல்லும் இல்லை. இப்படி ஒரு ரீட்பேக் காதுக்குச் சரியாகவே படும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: எண்ணை முதலில் எழுதுங்கள், ரீட்பேக் வரும்போது பேனா முனை அந்த எண்ணின் மேல் இருக்கட்டும், முழுதாகக் கேட்ட பிறகே டிக். தவறு என்றால் "நெகட்டிவ்", உடனே சரியான மதிப்பு, பிறகு மறுபடி ரீட்பேக். ஹெட்டிங், லெவல், ஸ்பீடு, புது ஃப்ரீக்வென்ஸி நான்கையும் ஒரே மூச்சில் கொட்டினால் ஒன்று கட்டாயம் கீழே விழும், இரண்டாகப் பிரியுங்கள். லெவலுக்கு "ரோஜர்" என்று மட்டும் பதில் வந்தால் ஏற்கக் கூடாது. "கேட்டது" என்பதைத் தாண்டி அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

வலவன்:
காக்பிட் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மானிட்டரிங் பைலட் (ஓட்டாமல் கண்காணிப்பவர்) ரீட்பேக் சொல்வார், ஓட்டுபவர் உயரத்தை அமைக்கும் ஆல்டிட்யூட் விண்டோவில் எண்ணைத் திருப்பி வைப்பார், இருவரும் அதைச் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருவர் காதிலும் வேறு வேறாக விழுந்தால் உள்ளுக்குள்ளேயே பேசி முடிவு செய்யக் கூடாது. ரேடியோவில் கேளுங்கள். அதிலும் "கன்ஃபர்ம் 400?" என்று கேட்காதீர்கள்; அவசரத்தில் "அஃபர்ம்" என்று வந்துவிடும். "சே அகெய்ன் ஆல்டிட்யூட்" என்றால் அவர் எண்ணைத் தன் வாயால் சொல்லியே ஆக வேண்டும்.

அதற்கு அடுத்த வலை அப்ரோச் சார்ட் (இறங்கும் வழியின் வரைபடம்). அந்த இடத்துக்குக் குறைந்தபட்ச உயரம் என்ன என்பது அதில் அச்சாகியிருக்கும். கிளியரன்ஸ் (கண்ட்ரோலர் தரும் அனுமதி) அதற்குக் கீழே போனால் யார் சொன்னாலும் இறங்கக் கூடாது. சுபாங்கில் விமானம் மோதியது 437 அடி உயரத்தில். ஜிபிடபிள்யூஎஸ் (தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி) கத்திக்கொண்டேதான் இருந்தது. அது கத்தினால் முதலில் ஏறு, விசாரணை பிறகு.

மேகவண்ணன்:
நன்றி சார். அப்படியானால் ரீட்பேக் முழுக்கச் சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று: எரிபொருள் குறைவதை எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும்?

ஸ்ட்ரிப்போர்டு:
எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல்படை விமானத்துக்கு வந்த உத்தரவு, சி5 ஹோல்டிங் பாயிண்ட் (ரன்வேக்கு வெளியே காத்திருக்கும் இடம்) வரை போ, நீ நம்பர் ஒன். விமானி அதைப் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார். ஆனால் ரன்வேக்குள் போக அனுமதி கிடைத்ததாகவே புரிந்துகொண்டு உள்ளே போய் நின்றார். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 மோதியது. அதில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். வரிசை எண் வெறும் தகவல், கிளியரன்ஸ் ஆகாது. ரன்வே எண்ணோடு "லைன் அப்" அல்லது "கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்" என்று காதில் விழாதவரை ஹோல்டிங் கோட்டைத் தாண்டக் கூடாது.

டேக்-ஆஃபுக்கு ஓடிய கேஎல்எம் விமானம், ரன்வேயில் இருந்த பான் ஆம் விமானத்தில் மோதிய டெனரீஃப் விபத்தையும் இதோடு படியுங்கள். நம் விஹெச்எஃப் ரேடியோ ஏஎம் முறையில் இயங்குவது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற ஒலிதான் வரும். 1977 மார்ச் 27 அன்று டவர் "ஓகே" என்றது, அதைத் தொடர்ந்து டேக்-ஆஃபுக்குக் காத்திரு என்றது. அதே நேரம் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் பேசியது. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாக விழுந்தது "ஓகே" மட்டும். 583 பேர் போனார்கள். "டேக்-ஆஃப்" என்ற சொல்லை அந்த அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்தி, மற்ற இடங்களில் "டிபார்ச்சர்" என்பது அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. கீச்சொலி கேட்டால் "பிளாக்ட்" என்று யாராவது உடனே சொல்ல வேண்டும். மூன்றாவது விமானமாக இருந்தாலும் சொல்லலாம்.

வலவன்:
எரிபொருள் பற்றி: 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த அவியாங்கா 52 "பிரையாரிட்டி" கேட்டது, எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னது. "எமர்ஜென்ஸி" என்ற சொல் ஏடிசிக்கு (கண்ட்ரோலர்களுக்கு) போகவே இல்லை. 73 பேர் இறந்தார்கள். இப்போது இருப்பவை இரண்டே வாசகங்கள். இனி கூடுதல் தாமதம் வந்தால் ஃபைனல் ரிசர்வில் (கடைசிவரை தொடாமல் வைக்க வேண்டிய எரிபொருள்) கை வைக்க வேண்டி வரலாம் என்றால் "மினிமம் ஃபியூயல்". இதற்கு முன்னுரிமை கிடையாது, நிலையைத் தெரிவிப்பது மட்டுமே. ஜெட்டுக்கு ஃபைனல் ரிசர்வ் என்பது 1500 அடியில் 30 நிமிடம் ஹோல்ட் செய்ய (வானில் சுற்றிக் காத்திருக்க) போதுமான அளவு. இறங்கும்போது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று கணக்கு காட்டினால் "மேடே மேடே மேடே ஃபியூயல்". இடையில் வேறு சொல் எதுவும் வேண்டாம்.